ஆறாம் நம்பர் மலையும் பாதரின் கடிபட்ட விரலும்

தெய்வானை பாதரின் விரலைக் கடித்தாள். இலேசாக அல்ல. பாதர் எமில் "ஐயோ அம்மா" என்று சுத்தமான தமிழில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

பள்ளிக்கூட ஆபீசுக்கு வெளியே, டர்பன்டைன் மரத்தடியில் உட்கார ஒரு நீள மர வாங்கு கிடக்கும். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. தோட்டத்தில் வேலை இல்லாத நாள் என்பதால், புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்குப் பாதர் அந்த நாளைத்தான் வைத்திருந்தார். வாங்கின் ஒரு முனையில் பாதர். மறுமுனையில் தெய்வானையின் அம்மா மாரியாயி. நடுவில் தெய்வானை. எதிரே ஸ்டூலில், சேர்வுப் பதிவேட்டை மடியில் விரித்துக்கொண்டு நான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே தொண்டர் ஆசிரியையாக ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பாதருக்கும் அந்த நினைப்பு இருந்ததால், பதிவேட்டில் பெயர் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

பாதர் தெய்வானையின் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பவரைப் போலக் குனிந்து பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாலாவதைத் தொடுவதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

"ஏ மூதேவி, சாமி கையவா கடிக்கிற" என்று மாரியாயி அவள் முதுகில் ஒன்று வைத்தார்.

பாதர் விரலை உதறிக்கொண்டே, "அடிக்காதீங்கம்மா. பல்லு நல்லா பலமாத்தான் இருக்கு" என்றார்.

இந்தக் காட்சியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த நிமிடம் பதிவேட்டில் நான் எழுதிய ஒரு வரியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. பாதரைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று வாசகர்கள் கேட்டபோதெல்லாம் நழுவியதற்கு அந்த வரிதான் காரணம். போன மாதம் ஒன்று நடந்தது. அதனால் இந்த வாரம் எழுதுகிறேன்.

பூட்ஸ் சாமி

பாதர் எமில் பெல்ஜியத்திலிருந்து வந்தவர். நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த காலத்திலேயே அவர்தான் அதிபர், தலைமை ஆசிரியர். தலவாக்கலைக்குப் பக்கத்தில், ரயில் பாதைக்கு மேலே, தகரக் கூரை போட்ட நாலு கட்டடம். அதில் இரண்டை அவரும் மேசன்மாரும் சேர்ந்து கட்டியதாகச் சொல்வார்கள்.

அவர் தமிழ் படித்தது புத்தகத்தில் அல்ல, அந்த மேசன்மாரிடம். அதனால் லயத்துத் தமிழ், தோட்டத்து வரிசை வீடுகளின் தமிழ், அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒருமுறை பள்ளியைப் பார்க்க வந்த பெரிய கல்வி அதிகாரியை, "வாய்யா, இப்பிடிக் குந்து" என்று வரவேற்றார். அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம். பாதருக்குக் கடைசிவரை என்ன தப்பு என்று புரியவில்லை. அன்பாகத்தானே சொன்னேன் என்றார்.

மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வெள்ளை அங்கியின் கீழ் அந்தக் கறுப்பு பூட்ஸ் தெரிந்தால், லயத்துப் பிள்ளைகள் "பூட்ஸ் சாமி வாறாரு" என்று ஓடி ஒளிந்துகொள்வார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி அவர் வீடு வீடாக வருவார். ஒளிந்த பிள்ளையை விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு போவார்.

அவரைத் தேவதூதர் என்று சொல்ல மாட்டேன். முன்கோபி. பாடம் சொல்லும்போது யாராவது கொட்டாவி விட்டால் சாக்குக் கட்டி பறந்து வரும். இந்துப் பிள்ளைகளாகிய நாங்கள் காலை ஜெபத்தில் கண்ணை மூடாமல் நின்றால் முறைப்பார். ஆனால் மாரியம்மன் திருவிழா வந்தால் மூன்று நாள் லீவு கொடுத்துவிட்டு, தானும் வந்து பானகம் குடித்துவிட்டுப் போவார்.

வருடத்தில் ஒரு தடவை பெரிய வகுப்புப் பிள்ளைகளை ரயிலில் பட்டிப்பொலவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஸ்டேஷனும் பனியும்தான். பாதர் மேடையில் இறங்கி, வாயைத் திறந்து புகை புகையாக மூச்சு விடுவார். "எங்க ஊரு குளிரு இதுதான் புள்ளைங்களா" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளம் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் ரொட்டியும் சம்பலும் தின்று முடித்ததும் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவோம். ஊர் நினைப்பு வந்த மனிதர் ஒருவர் எப்படி இருப்பார் என்று நான் முதலில் பார்த்தது அந்த மேடையில்தான்.

கவ்வாத்து நோட்டு

இப்போது வாங்குக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டங்களில் அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தேதி கேட்டால் தாய்மார் விழிப்பார்கள். "மழைக்காலம் சாமி", "எங்க மாமியா செத்த வருசம் சாமி" என்பார்கள். அந்த மாமியார் செத்த வருடமும் யாருக்கும் தெரியாது.

பாதர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் தோட்டத்தில் நடந்த மனிதரால்தான் முடியும்.

தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவார்கள். அதுதான் கவ்வாத்து. தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் வெட்ட மாட்டார்கள். ஒன்றாம் நம்பர் மலை ஒரு வருடம், இரண்டாம் நம்பர் மலை இன்னொரு வருடம் என்று முறை வைத்து வெட்டுவார்கள். எந்த மலை எந்த மாதம் வெட்டப்பட்டது என்று தோட்டத்து ஆபீசில் புத்தகம் இருக்கும். மலையின் முகப்பில் பலகையும் இருக்கும். ஆண்கள் வெட்டிப் போடும் குச்சிகளை, மிலாறு என்போம், பெண்கள் விறகுக்குப் பொறுக்கிக் கட்டுவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு மிலாறு சுமந்தவளுக்கு அந்த மலையின் நம்பர் மறக்காது.

ஆகவே பாதர் தேதி கேட்க மாட்டார். "இவ பொறக்குறப்ப எந்த மலையில கவ்வாத்து நடந்துச்சு?" என்று கேட்பார். அம்மா நம்பரைச் சொல்வார். கணக்கப்பிள்ளையைக் காக்காய் பிடித்து, தோட்டத்துப் புத்தகத்திலிருந்து பாதர் நகல் எடுத்த நோட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் அந்த மலையைத் தேடினால் வருடமும் மாதமும் கிடைத்துவிடும். நான் அதைப் பார்த்துச் சொல்வேன். பிறகு பாதர் பல்லைப் பார்ப்பார், சரியாக வருகிறதா என்று. அதன் பிறகுதான் பதிவேட்டில் எழுதுவேன்.

அந்த நோட்டின் முன்பக்கம் மலைகளின் பட்டியல். பின்பக்கத்தில், பிள்ளைகளைச் சேர்த்த நாள் மாலையில், பாதர் தானே ஏதோ எழுதிக்கொள்வார். தமிழ் எழுத்துப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று தமிழில்தான் எழுதுவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. அது அவருடைய சொந்த விஷயம் என்று நான் புரட்டிப் பார்த்ததில்லை.

ஒரு விதி வைத்திருந்தார். பல்லும் நோட்டும் என்ன சொன்னாலும் அம்மா சொல்வதுதான் கடைசிப் பேச்சு. "பொறந்த எடத்துல நீங்களும் இல்ல, நானும் இல்ல டீச்சர். அந்தம்மாதான் இருந்துச்சு" என்பார்.

எங்கள் பள்ளி கொடுத்த சீட்டைத் தோட்டத்து ஆபீசும் ஏற்றுக்கொண்டது. பிள்ளை வளர்ந்து தோட்ட வேலைக்குப் பேர் பதியப் போனால், வயதுக்கு அந்தச் சீட்டுத்தான் அத்தாட்சி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாரியாயி அன்று சொன்னது "ஆறாம் நம்பர் மலை". என் நினைவில் அவ்வளவுதான் இருந்தது.

ஆனால் எங்கள் தோட்டத்தில் ஆறாம் நம்பர் மலை இரண்டு. மேல்கணக்கில் ஒன்று, கீழ்க்கணக்கில் ஒன்று. கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. நான் பிறந்து வளர்ந்தது மேல்கணக்கு லயத்தில். மாரியாயி குடும்பம் கீழ்க்கணக்கு. மேல்கணக்கு ஆறாம் நம்பரில் கவ்வாத்து நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் கீழ்க்கணக்கு ஆறாம் நம்பரில் நடந்தது.

பதிவேட்டில் நான் எழுதியது மேல்கணக்கின் வருடம்.

இரண்டு வருடம்

தெய்வானை நன்றாகப் படித்தாள். நடுவில் ஒரு மாதம் மட்டும் பள்ளிக்கு வரவில்லை. பாதர் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு சாதாரண தரப் பரீட்சையும் பாஸ் பண்ணினாள். அவள் தமிழ்க் கட்டுரைகளை நான் மற்ற வகுப்புகளில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துக் கதை சொன்னால் ஒரு சத்தம் வராது. இவள் டீச்சராகப் பிறந்தவள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மலையகப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனம் கொடுக்கத் தொடங்கிய காலம் வந்தது. எனக்கு முன்னரே கிடைத்திருந்தது. தெய்வானைக்கு விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். வந்த பதிலில் ஒரே வரி. வயதெல்லையைக் கடந்துவிட்டார். எட்டு மாதம் கூடியிருந்தது.

நான் லயத்துக்கு ஓடினேன். மாரியாயி அம்மா வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "எம்புள்ளைக்கு அம்புட்டு வயசு இல்ல டீச்சர். கீக்கணக்கு ஆறாம் நம்பர்ல மெலாறு கட்டிக்கிட்டிருந்தப்பதானே இவளப் பெத்தேன்" என்றார்.

கீழ்க்கணக்கு. திரும்பும் வழியில் அந்த மலையின் பலகையை நின்று பார்த்தேன். அதில் இருந்த வருடத்திலிருந்து கவ்வாத்து முறைகளைப் பின்னோக்கி விரல் விட்டு எண்ணினேன். நான் பதிவேட்டில் எழுதியதற்கும் அதற்கும் சரியாக இரண்டு வருடம். மேல்கணக்குக்காரி நான், என் வீட்டு மலையையே நினைத்துக்கொண்டு பட்டியலில் மேல் வரியைப் பார்த்து எழுதியிருக்கிறேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

பாதர் மூன்று கடிதம் டைப் அடித்து அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தை உறையில் போடும்போது என்னை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு வருசம் கூடிப்போச்சு டீச்சர்" என்றார். நான் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டேன். என்னைக் காட்டிக் கொடுக்காமல் தானே சுமக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

தெய்வானை அந்த மாதமே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள்.

ஸ்டேஷனில்

அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ, உடம்புக்கு முடியாமல் பாதர் தன் நாட்டுக்குத் திரும்பினார். தலவாக்கலை ஸ்டேஷனில் பாதி ஊர் நின்றது. தோட்டத்துப் பெண்கள் வேலைக்குக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் அப்படியே வந்திருந்தார்கள்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பாதர், அந்த வருடத்தை மாற்றி எழுதியது நான்தான், மன்னித்துவிடுங்கள். இரவெல்லாம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். என் முறை வந்தது. பாதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மழ வரப்போவுது டீச்சர். கொடைய ஸ்டேஷன்ல வச்சிட்டுப் போயிராதீங்க" என்றார்.

வைத்துவிட்டுத்தான் வந்தேன். சில வருடங்களில் அவர் இறந்துபோன செய்தி மாதா கோவிலில் வாசிக்கப்பட்டது. இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று அன்று அழுதேன். யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்று உள்ளே ஒரு மூலையில் நிம்மதிப்பட்டேன். அதற்காகவும் என்னை நான் வெறுத்தேன்.

தெய்வானையின் லயத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மாரியாயி அம்மாவின் சாவுக்குப் போய், கூட்டத்தோடு நின்றுவிட்டு, சோறு சாப்பிடாமல் திரும்பினேன். பஸ்ஸிலிருந்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்தால் மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வேன். முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன்.

போன மாதம்

போன் வந்தது. "லெச்சுமி டீச்சருங்களா? நான் தெய்வானை பேசுறேன்."

குரல் அப்படியே இருந்தது.

தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் இந்தியாவுக்கு, பழனிக்குப் போகிறதாம். அவளும் போக வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கப் போனால், அடையாள அட்டையில் ஒரு வருடம், கல்யாணப் பதிவில் வேறு வருடம். பிரதேச செயலகத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி மாத்தையா, பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து எழுதி வாங்கி வரச் சொல்லிவிட்டாராம்.

"நீங்களும் கூட வாங்க டீச்சர். எழுதுனது நீங்கதானே. அங்க ஏதும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

மறுப்பதற்கு எத்தனை காரணம் என்னிடம் இருந்தது தெரியுமா. முழங்கால் வலி, பிரஷர், மழை. எல்லாவற்றையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, "வாறேன்" என்றேன். எழுபதைத் தாண்டிவிட்டேன். இன்னும் எத்தனை ஜன்னலுக்குத் திரும்புவது.

பள்ளியில் இப்போது ஒரு இளம்பெண் அதிபர். மரியாதையான பிள்ளை. எங்களை உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, அலுமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. பக்கத்தைப் புரட்டியதும் என் எழுத்து. முத்து முத்தாக.

தெய்வானை, தாய் மாரியாயி, பிறந்த வருடம். அதே வருடம். நான் பயந்த அதே வருடம்.

தெய்வானை எட்டிப் பார்த்து, "என்னா அழகா எழுதிருக்கீங்க டீச்சர்" என்றாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "தெய்வானை, இது தப்பு. ரெண்டு வருசம் கூட எழுதிட்டேன். மேக்கணக்கு ஆறாம் நம்பர நெனச்சுக்கிட்டு எழுதுனது நான்தான். ஒனக்கு வேல கெடைக்காமப் போனது என்னாலதான்" என்று, ஸ்டேஷனில் சொல்லாததை எல்லாம் அந்த ஆபீஸ் மேசையில் கொட்டினேன். அதிபர் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

தெய்வானை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யாரு டீச்சர் ஒங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

"அது அம்மா பண்ணுன வேல டீச்சர். அப்பா காலு ஒடிஞ்சு படுத்துக் கெடந்தாரு. எனக்குச் சீக்கிரமா பேர் பதியணும்னு அம்மா வேணும்னே மேக்கணக்குன்னு சொல்லிருச்சு. ரெண்டு வருசம் முந்திப் பதியலாம்ல. சாகுறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சிக்கிட்டு அதையே சொல்லிச் சொல்லி அழுதுச்சு."

நான் நம்பவில்லை. கிழவி அழுகிறாளே என்று தேற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். அதையும் சொன்னேன்.

"பேர் பதிஞ்சாங்கதானே டீச்சர். நான் ஒரு மாசம் பள்ளிக்கூடம் வரலயே, ஞாபகம் இல்லியா? பாதர் மலைக்கே வந்து கங்காணியோட சண்ட புடிச்சு இழுத்துட்டு வந்தாரே."

அந்த ஒரு மாதம் எனக்கு ஞாபகம் இருந்தது. காரணத்தைத்தான் நான் கேட்டதே இல்லை.

பாதரின் எழுத்து

அப்போது அதிபர் பிள்ளை, "டீச்சர், இதோட சேத்துக் கட்டி இன்னொரு நோட்டு இருந்திச்சி. யாருக்கும் வெளங்கல்ல, வீசவும் மனசு வரல்ல" என்று ஒன்றை நீட்டினார்.

கவ்வாத்து நோட்டு. முன்பக்கத்தில் மலைகளின் பட்டியல். நான் முதல் முறையாக அதைப் பின்பக்கமாகத் திருப்பினேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலைந்து வரி. ஒன்றாம் வகுப்பு எழுத்து. தெய்வானையின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தது அதிபர் பிள்ளைதான். கண்ணீர் என் கண்ணை மறைத்திருந்தது. அவரே வாசித்தார்.

"தெய்வானை. தாய் சொல்லுது மேல்கணக்கு ஆறு. லெட்சுமி டீச்சர் கேட்டது, கீழ்க்கணக்கு இல்லையா. தாய் சொல்லுது மேல். டீச்சர் இன்னொரு தடவை கேட்டது. தாய்க்குக் கோபம். நான் பல் பார்த்தேன். பால் பல் நிறைய இருக்கு. ஒன்பது வயது. பதினொன்று இல்லை. அந்த வீட்டில் கஷ்டம். தாய் சொன்னது எழுதினோம். பிள்ளை என் விரல் கடித்தது. நல்ல பிள்ளை."

மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் வாசித்தார்.

நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. பத்தொன்பது வயது லெட்சுமி அப்படியொன்றும் கவனமில்லாதவள் இல்லை. அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். ஆனால் அப்படிக் கேட்டது இந்த நிமிடம் வரை எனக்கு நினைவில் இல்லை. இத்தனை வாரமாக நினைவை நம்பி இந்தப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருப்பவள் நான். நீங்கள் இனி என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிப்பது நல்லது.

பாதர் சொன்னாரே, "ரெண்டு வருசம் கூடிப்போச்சு டீச்சர்" என்று. குற்றம் சாட்டவில்லை மனிதர். அன்று அந்த வாங்கில் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்த ஒன்றை, எனக்கும் ஞாபகம் இருக்கும் என்று நம்பிச் சொல்லியிருக்கிறார். ஸ்டேஷனில் நான் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். சத்தம் போட்டுத் திட்டியிருப்பார், மேசன்மார் தமிழில்.

நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய இடம் வெறுமையாக, குளிர்ச்சியாக இருந்தது. இரண்டாவது பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். இனிப்பாக இருந்தது. பிரஷரை மறந்து இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டுக்கொண்டேன்.

அதிபர் பிள்ளை சீட்டு எழுதும்போது, "எந்த வருசத்தப் போடுறது, பதிவேட்டில உள்ளதையா?" என்று கேட்டார்.

தெய்வானை யோசிக்கவே இல்லை. "அம்மா சொன்னதயே போடுங்க. பழனிக்குப் போறதுக்கு அது போதும்."

ஹட்டன் பஸ்

திரும்பும்போது ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள். வெளியே மலைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிக்கொள்ளவில்லை.

"ஒண்ணு கேக்கவா டீச்சர்?"

"கேளு."

"அதுக்காகத்தான் எங்க வீட்டுப் பக்கமே வராம இருந்தீங்களா? இம்புட்டு வருசமும்?"

"ஆமா."

அவள் மடியில் இருந்த சீட்டை நாலாக மடித்து, இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன். கொழுந்து எடுக்குறவ வீட்டுக்கு டீச்சர் எதுக்கு வரணும்னு விட்டுட்டாங்கன்னு. அதான் நானும் கூப்புடல."

செய்யாத குற்றத்துக்கு முப்பது வருடம் அழுதவள், செய்த குற்றத்தை அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு மன்னிப்பைப் பாதரின் நோட்டில் தேடிப் பயனில்லை. பக்கத்தில் இருப்பவளிடம்தான் கேட்க வேண்டும்.

"தப்புப் பண்ணிட்டேன் தெய்வானை" என்றேன்.

"விடுங்க டீச்சர். வயசான காலத்துல அழுதா மூக்குத்தான் ஒழுகும்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். முன்னால் இரண்டு பல், பக்கத்தில் ஒன்று. மற்ற இடமெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. நான் பார்ப்பதைக் கண்டு வாயை இன்னும் நன்றாகத் திறந்து காட்டினாள்.

"இப்பப் பாதர் இருந்திருந்தா லேசா எண்ணிருப்பாரு டீச்சர். கடிக்கவும் முடியாது."

முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தோம். பஸ் வேகம் குறைந்தது. கொண்டக்டர் என் பக்கம் குனிந்து, "டீச்சர், ஒங்க எடம் வந்திருச்சி" என்றார். என்னைத் தெரிந்தவர்.

தெய்வானை எனக்கு வழிவிட எழுந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "கீக்கணக்கு லயத்தடிக்கு எறங்கணும் தம்பி" என்றேன்.